எண்பத்தேழு மதிப்பெண்

அத்தியாயம் ஐந்து

“டியூபை மாத்திட்டாங்க” என்று காலை எட்டரை மணிக்கே இன்ஸ்பெக்டர் அறிவித்துவிட்டார். அன்று அவர் செய்த முதல் தவறு அது. மாலைக்குள் இன்னும் இரண்டு செய்யவிருந்தார்.

இன்ஸ்பெக்டர் என்பது பட்டப்பெயர்தான். போலீஸில் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை. குடிநீர் வாரியத்தில் இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். அந்த வேலைக்குப் பெயர் மீட்டர் இன்ஸ்பெக்டர். துப்பறியும் நிலையம் தொடங்கியபோது பெயர்ப்பலகை எழுதியவர், இடம் போதவில்லை என்று ‘மீட்டர்’ என்பதை விட்டுவிட்டார். இன்ஸ்பெக்டரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நிலையத்தின் இதுவரையிலான சாதனை, காணாமல் போன பூனைகள் நான்கைக் கண்டுபிடித்தது. அவற்றில் மூன்று தாமாகவே வீடு திரும்பியிருந்தன.

நிலையத்தின் இன்னொரு ஊழியர் கெமிஸ்ட்ரி. உயிர்வேதியியல் படித்த பெண். ஒரு பரிசோதனைக் கூடத்தில் பதினோரு மாதம் வேலை பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஃப்ரீசரின் கதவைச் சரியாகச் சாத்தாமல் வீட்டுக்குப் போனவள். திங்கட்கிழமை அவளுக்கு வேலை இல்லை. “நான் படிச்சது பயோகெமிஸ்ட்ரி சார்” என்று முதல் மாதம் முழுக்கத் திருத்திப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

“சார், நாம இன்னும் ஆஸ்பத்திரிக்கே போகல” என்றாள் இப்போது.

“போனா தெரியும்.”

“போனாதான் தெரியும்னு நானும் சொல்றேன்.”

எதிரே ஒரு அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்குக் கடைத்தெருவில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. ஆள் உள்ளே போனால் நாற்காலி வெளியே வந்துவிடும், அவ்வளவுதான் அகலம். தம்பி டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பேச்சில் அபாயமாக ஏதாவது வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

“ரெண்டு மாசம் முன்னாடி அக்காவுக்கு மார்புல ஒரு கட்டி” என்று தம்பி ஆரம்பித்தார். கால் அழுத்தியது. “ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. சின்னதுதான், வேற எங்கயும் போகல, மாத்திரை போதும்னு சர்ஜன் சொன்னார். நிம்மதியா வீட்டுக்கு வந்தோம். அப்புறம் அதே ஆஸ்பத்திரியில ஆராய்ச்சிப் பிரிவுன்னு ஒண்ணு. ரத்தத்துல ஒரு புரோட்டீன் எவ்வளவு இருக்குன்னு பார்த்து, நோய் பரவுமா, ஆள் அஞ்சு வருஷம் இருப்பாங்களான்னு சொல்லிடுவாங்களாம். அறுபதைத் தாண்டினா ஆபத்து.”

“அம்மாவுக்கு எவ்வளவு?” என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“எண்பத்தேழு” என்றார் கடிகார அக்கா. “பள்ளிக்கூடத்துல முப்பத்தஞ்சைத் தாண்டினதில்ல. வாங்க வேண்டிய வயசுல வாங்கல.”

அந்த எண்ணைப் பார்த்த சர்ஜனும் மனத்தை மாற்றிக்கொண்டார். நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கீமோ ஆரம்பம். ஆறு மாதம். ஏற்றப்போகும் மருந்துகளில் ஒன்று விரல்நுனியை மரத்துப்போகச் செய்யலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சிலருக்கு உணர்ச்சி திரும்பிவிடும். சிலருக்குத் திரும்பாது.

கடிகார அக்கா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார்.

“லேடீஸ் வாட்ச்ல ஒரு ஸ்க்ரூ இருக்கும் சார். கீழ விழுந்தா எறும்புன்னு மிதிச்சிட்டுப் போயிடுவீங்க. அதை மாட்டும்போது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். நோய் பரவும்னா விரலைக் குடுத்துடறேன். உயிரைவிட விரல் ஒசத்தி இல்ல. பரவாதுன்னா எதுக்குக் குடுக்கணும்? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

“யாரோ நோய் முத்தினவங்க ரத்தத்தை அக்கா பேர்ல பார்த்துட்டாங்க” என்றார் தம்பி. “எனக்கு நிச்சயமாத் தெரியும்.”

இன்ஸ்பெக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். தனக்கு முன்பே தம்பி அதைக் கண்டுபிடித்திருந்தது அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஆராய்ச்சிப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. வரிசையாக ஃப்ரீசர்கள், ஒவ்வொன்றின் கதவிலும் ‘சாத்தியதை இழுத்துப் பார்க்கவும்’ என்று ஒட்டியிருந்தது. கெமிஸ்ட்ரி அதைப் படிக்காத மாதிரி நடந்தாள்.

ஆராய்ச்சி டாக்டர் குள்ளமான பெண். கோடைக்காலத்திலும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். புகார் ஏற்கெனவே அவர் காதுக்கு வந்திருந்தது. கோபப்படவில்லை.

“என் லேப்ல என்ன வேணா நடக்கும், டியூப் மட்டும் மாறாது” என்றார். “ஊசி போடறதுக்கு முன்னாடி ஸ்டிக்கர்ல அவங்கவங்களே கையெழுத்துப் போடணும். அந்த ஸ்டிக்கரைத்தான் கடைசி வரைக்கும் உரிச்சு உரிச்சு ஒட்டறோம். நாலு வருஷம், அறுநூத்து நாப்பது பேர். ஒண்ணு மாறினதில்ல. வாங்க, காட்டறேன்.”

தடிமனான கையுறை மாட்டிக்கொண்டு ஒரு ஃப்ரீசரிலிருந்து சிறு தட்டு ஒன்றை எடுத்தார். அதில் சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பிகள். மற்றவர்களின் பெயர் தெரியாமல் ஒரு காகிதத்தால் மறைத்துக்கொண்டு, மூன்றாவது குப்பியின் மேல் படிந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

ஸ்டிக்கர் நகத்தளவுதான். காகிதத்துக்கு வெளியே எட்டிப் பார்த்த மற்ற ஸ்டிக்கர்களில் கையெழுத்து பாதியில் விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்திருந்தது. இதில் முன்னெழுத்தோடு முழுப்பெயர், தேதி, அதற்குக் கீழே தூசி மாதிரி ஏதோ ஒரு கோடு. இத்தனைக்கும் பிறகு இடம் மீதி இருந்தது.

“இந்த இடத்துல இன்னும் ரெண்டு பேர் கையெழுத்துப் போடலாம்” என்றாள் கெமிஸ்ட்ரி.

“என்னோடதுதான்” என்றார் கடிகார அக்கா.

இப்படி ஓர் எழுத்தை அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாராலும் எழுதியிருக்க முடியாது. இன்ஸ்பெக்டரின் துப்பு ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்கு உயிரை விட்டது.

“ஆக, மாறலன்னு நிரூபிச்சிட்டோம்” என்றார், அதற்காகவே வந்தவர் மாதிரி.

தம்பி அவரைப் பார்த்த பார்வையில் கட்டணம் பற்றிய கேள்வி எதுவும் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. அக்கா தலையைக் குனிந்து தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

உடனே எழுந்து போனால் நன்றாக இருக்காது. அதனால் மட்டுமே இன்ஸ்பெக்டர் கேட்டார்: “அன்னிக்கு யார் யாருக்கு எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தாங்கன்னு கணக்கு இருக்கா?”

டாக்டர் கம்ப்யூட்டரில் அந்த நாளைத் திறந்து, பெயர் இருந்த பக்கத்தில் கையை வைத்து மறைத்தார். நேரம் மட்டும் தெரிந்தது.

9.01. 9.02. 9.03. 9.04. 9.05. 9.06. அதற்குப் பிறகு 9.13. 9.19. 9.26.

இன்ஸ்பெக்டரின் முதுகு நிமிர்ந்தது. வேறு ஒரு நாளைக் காட்டச் சொன்னார். அங்கேயும் அப்படித்தான். முதல் ஐந்தாறு பேர் நிமிடத்துக்கு ஒருவர், பிறகு ஆறேழு நிமிட இடைவெளி.

“டாக்டர், இது நேர்ல பார்த்து எழுதினதில்ல. உட்கார்ந்த இடத்துல மொத்தமா எழுதினது.”

“எப்படிச் சொல்றீங்க?”

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். “இருபத்தாறு வருஷம் நான் அப்படித்தான் எழுதினேன்.”

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார்.

“டீக்கடை பெஞ்ச்ல உட்கார்ந்து ஒரு தெருவையே முடிச்சிடுவேன். வீட்டுக்கு ஒரு நிமிஷம். போன மாச ரீடிங்கோட கொஞ்சம் கூட்டிப் போட்டா யாருக்கும் தெரியாது. இடிச்சுத் தள்ளின ஒரு வீட்டுல இருபது யூனிட் தண்ணி செலவானதா எழுதினப்போதான் மாட்டிக்கிட்டேன். விருப்ப ஓய்வு குடுத்தாங்க.”

“யார் விருப்பம் சார்?” என்றாள் கெமிஸ்ட்ரி.

“வாரியத்தோட விருப்பம்.”

கெமிஸ்ட்ரி அதற்குள் குப்பியைக் கையில் வாங்கியிருந்தாள். தேதிக்குக் கீழே இருந்த தூசிக் கோட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். “அக்கா, இது என்ன?”

“மணி” என்றார் கடிகார அக்கா. “கடையில ரிப்பேருக்கு வாட்ச் வாங்கினா தேதி, மணி ரெண்டும் போட்டுத்தான் சீட்டு எழுதுவேன். கைப்பழக்கம்.” பையிலிருந்து, கண்ணில் மாட்டிப் பார்க்கும் தன் பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

கெமிஸ்ட்ரி அதைக் கண்ணில் மாட்டிக்கொண்டாள். “ஆறு ஐம்பது.”

“இருக்க முடியாது” என்றார் டாக்டர். “ரத்தம் எடுக்கற ரூம் ஒன்பதுக்குத்தான் ஆரம்பிக்கும். உங்க வாட்ச் ஒருவேளை…”

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் தம்பி விடவில்லை. “எங்க அக்கா வாட்ச்சா டாக்டர்? ரயில்வே ஸ்டேஷன்காரங்க எங்க அக்கா வாட்ச்சைப் பார்த்து மணி வைப்பாங்க.”

“முதல் பஸ்ல வந்தோம்” என்றார் அக்கா. “உடனே எடுத்துட்டாங்க. யாரும் மணி கேட்கல, நானும் சொல்லல.”

டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. கெமிஸ்ட்ரிக்கும் புரிந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. ஆனால் புரிந்த முகம் வைத்துக்கொள்வதில் அவருக்கு அனுபவம் இருந்தது.

“சார் நடிக்க வேண்டாம், சொல்லிடறேன்” என்றாள் கெமிஸ்ட்ரி. “ரத்தம் டியூப்ல உறையும்போது அதுல இருக்கற சின்னச் சின்ன செல்லுங்க உடையும். உடைஞ்சா உள்ள இருக்கற இந்தப் புரோட்டீனை வெளிய கொட்டும். அதனால எடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ள மெஷின்ல சுத்தி, மேல நிக்கற தெளிவான நீரைத் தனியாப் பிரிச்சிடணும். இங்க மெஷின் சுத்தறது ஒன்பது நாப்பதுக்கு. அக்கா ரத்தம் மூணு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கு. உடம்புல இல்லாத புரோட்டீன் டியூப்லயே சேர்ந்திருக்கும்.”

“குழாய்ல தண்ணி வராம வெறும் காத்து வந்தாலும் மீட்டர் சுத்தும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அதேதான் சார். முதல் தடவையா புரிஞ்சு பேசறீங்க.”

டாக்டர் கம்ப்யூட்டரில் பழைய பக்கங்களை வேகமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். “முதல் ஆறு பேர், எழுபத்தொண்ணு, தொண்ணூத்திரண்டு, எண்பத்தேழு… எல்லா நாளும் முதல்ல இருக்கறவங்களுக்கு அதிகம்.” குரல் கீழே இறங்கியது. “ஆனா அவங்கள்ல நிறைய பேர் நிஜமாவே இறந்துட்டாங்க. அதை வெச்சுத்தானே இந்தப் புரோட்டீனையே நான் கண்டுபிடிச்சேன்.”

தம்பியின் கால் தரையை அழுத்தியது.

“லேட்டானா எண் ஏறும், சரி” என்றாள் கெமிஸ்ட்ரி மெதுவாக. “காலையில சீக்கிரம் வந்து ரத்தம் குடுத்தா ஆள் எதுக்குச் சாகணும்?”

அதற்குப் பதில் கீழே, ரத்தம் எடுக்கும் அறையில் இருந்தது. இன்ஸ்பெக்டரின் இரண்டாவது தவறும் அங்கேதான் காத்திருந்தது.

ரத்தம் எடுக்கும் சிஸ்டர் ஐம்பதைத் தாண்டியவர். பேசிக்கொண்டே ஊசி போடுவார், வலி தெரிவதற்குள் பஞ்சு வைத்துவிடுவார். காலைக் கூட்டம் ஓய்ந்து, மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலியை இழுத்து, சக குற்றவாளியிடம் பேசும் உரிமையோடு உட்கார்ந்தார்.

“சிஸ்டர், பயப்படாதீங்க. நானும் இப்படி எழுதினவன்தான். மனுஷன்னா அசதி இருக்கும். கொஞ்சம் லேட்டா வர்றது, வந்து மொத்தமா எழுதி வெக்கறது…”

“லேட்டாவா?” என்றார் சிஸ்டர்.

அவர் குரலை உயர்த்தவில்லை. துணியை மடித்து வைத்தார். “பதினெட்டு வருஷமா ஆறரைக்கு இந்தக் கதவைத் திறக்கறேன். ட்யூட்டி ஒன்பதுக்குத்தான். எனக்கு யாரும் ஒரு பைசா அதிகமாக் குடுக்கல, நானும் கேட்கல. நீங்க யாரு?”

“மீட்டர் இன்ஸ்பெக்டர்” என்றார் இன்ஸ்பெக்டர். உண்மை தானாக வந்துவிட்டது.

“சார் சும்மா வந்தார் சிஸ்டர்” என்று கெமிஸ்ட்ரி இடையில் புகுந்தாள். “ஆறரைக்கு எடுக்கறதை ஏன் ஒன்பதுன்னு போடறீங்க?”

“நான் எங்க போடறேன், கம்ப்யூட்டர் போடுது. ஒன்பதுக்கு முன்னாடி அது எதையும் வாங்கிக்காது. அதனால ஒன்பது அடிச்சதும் உட்கார்ந்து, எடுத்ததையெல்லாம் வரிசையா ஏத்திடுவேன்.”

“ஆறரைக்கு யாருக்கு எடுக்கறீங்க?” என்று கேட்டார் ஆராய்ச்சி டாக்டர். பதில் தெரிந்த மாதிரியும், அதைக் கேட்க விருப்பமில்லாத மாதிரியும் இருந்தது அவர் முகம்.

“முடியாதவங்களுக்குத்தான் டாக்டர். நிமிர்ந்து உட்கார முடியாதவங்க, ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்கறவங்க, துணைக்கு ஆள் இல்லாதவங்க. அவங்களை ஒன்பது மணி வரைக்கும் அந்த இரும்பு பெஞ்ச்ல போட்டு வெக்க முடியுமா? வந்த உடனே எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவேன். தெம்பா இருக்கறவங்க ஒன்பதுக்கு வந்து, க்யூவுல நின்னு போனைப் பார்த்துட்டு இருக்கட்டும்.”

வாசலில் யாரோ டோக்கன் எண் கேட்டுவிட்டுப் போனார்கள்.

“ரொம்ப முடியாதவங்க முதல்ல வர்றாங்க” என்றாள் கெமிஸ்ட்ரி. “அவங்க டியூப் மூணு மணி நேரம் காத்திருக்கு. எண் ஏறுது. கொஞ்ச நாள்ல அவங்க போயிடறாங்க. எண்தான் முன்கூட்டியே சொல்லிச்சுன்னு மேல லேப்ல எழுதிக்கறாங்க.”

“முன்கூட்டியே சொன்னது சிஸ்டர்தான்” என்றார் இன்ஸ்பெக்டர். “நாலு வருஷமா நீங்க அளந்தது புரோட்டீனை இல்ல டாக்டர். இவங்க கண்ணை.”

அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல வாக்கியம் அது. அதை ரசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. ஏனென்றால் டிரைவிங் மாஸ்டர் வெளுத்துப்போய் நின்றிருந்தார்.

“அப்போ எங்க அக்காவை…” என்றார். கால் தரையிலிருந்து எழவே இல்லை. “எங்க அக்காவையும் நீங்க ஆறு ஐம்பதுக்கே எடுத்திருக்கீங்களே சிஸ்டர். உங்க கண்ணுக்கு அவங்க எப்படித் தெரிஞ்சாங்க?”

எல்லோரும் சிஸ்டரைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டருக்குத் தன்னுடைய நல்ல வாக்கியத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சிஸ்டரின் கண் நாலு வருடம் தப்பியதே இல்லை என்றால், அது கடிகார அக்காவைப் பார்த்து என்ன சொல்லியிருக்கிறது?

சிஸ்டர் அக்காவை உற்றுப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கால் வந்ததும் நின்றார்.

“நீங்க நடந்தா வந்தீங்க?”

“ஆமா.”

“அன்னிக்கு வீல்சேர்லதானே வந்தீங்க?”

“பஸ்லேர்ந்து இறங்கும்போது கால் பிசகிடுச்சு” என்றார் அக்கா. “வாசல்ல இருந்த வண்டியில தம்பிதான் உட்கார வெச்சுத் தள்ளிட்டு வந்தான்.”

“கால் பிசகினதா?”

“நாலு நாள்ல சரியாப்போச்சு.”

சிஸ்டர் மேசைமேல் உட்கார்ந்தேவிட்டார். “எனக்கு என்ன தெரியும்? வண்டியில தலையைத் தொங்கப்போட்டுட்டு வந்தீங்க. எலும்பு வரைக்கும் போயிடுச்சு போலன்னு நெனச்சு ஓடி வந்து எடுத்தேன்.”

“தலையைத் தொங்கப்போடல சிஸ்டர். என் செருப்பு வார் அறுந்துபோச்சு, அதைப் பார்த்துட்டு இருந்தேன்.”

நினைத்துக்கொள்வது வேறு, நிரூபிப்பது வேறு என்று ஆராய்ச்சி டாக்டர் சொன்னார். அப்போது மணி பத்தரை. அக்காவுக்கு இப்போதே இரண்டு டியூப் ரத்தம் எடுப்பது. ஒன்றை இருபது நிமிடத்தில் சுற்றுவது, இன்னொன்றை மூன்று மணி நேரம் சும்மா வைத்துவிட்டுச் சுற்றுவது. கூடவே, இந்த நோயே இல்லாத ஒருவரின் ரத்தத்தையும் அதே மாதிரி பார்க்க வேண்டும்.

“நான் இருக்கேன்” என்று இன்ஸ்பெக்டர் சட்டைக்கையை மடித்தார்.

மூன்றாவது தவறு.

ஊசியைப் பார்த்ததும் அவர் முகம் மறுபக்கம் திரும்பிக்கொண்டது. “முடிஞ்சிடுச்சு சார்” என்று கெமிஸ்ட்ரி சொன்னபோது சிஸ்டர் இன்னும் பஞ்சைத்தான் நனைத்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் அவருக்கு மட்டும் பேசாமல் ஊசி போட்டார். லேட்டாக வருவதாக அவர் சொன்னது மறந்திருக்காது.

மாலை நான்கு மணிக்கு ஆராய்ச்சி டாக்டர் ஒரு தாளோடு வந்தார். மேல்மாடி அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். சிஸ்டரும் வந்திருந்தார், யாரும் கூப்பிடாமலே.

“அம்மாவோட ரத்தம், உடனே சுத்தினது முப்பத்தொண்ணு. காக்க வெச்சது எண்பத்தொன்பது.”

தம்பி அக்காவின் தோளைப் பிடித்தார்.

“இன்ஸ்பெக்டரோடது, உடனே சுத்தினது இருபத்தெட்டு. காக்க வெச்சது…” டாக்டர் ஒரு கணம் தயங்கினார். “தொண்ணூத்தாறு.”

“சார் முதல் ராங்க்” என்றாள் கெமிஸ்ட்ரி. “நோயே இல்லாம உங்களுக்கு நோய் பரவிடுச்சு.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். காரணம் முழுக்கத் தெரியும். பொய் எண் என்று கண்டுபிடித்ததே அவர்தான். இருந்தும் ஐந்து நிமிடம் கழித்துக் கழிப்பறைக்குப் போய், கதவைத் தாழிட்டு, கழுத்திலும் அக்குளிலும் கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று அமுக்கிப் பார்த்தார். ஒரு எண் இவ்வளவு செய்யும் என்றால், மூன்று வாரமாக ஒரு எண்ணோடு குடித்தனம் நடத்திய அந்த அம்மாவை நினைத்துப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த ஆள் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

உள்ளே தம்பி கிட்டத்தட்டக் கூத்தாடிக்கொண்டிருந்தார். “முப்பத்தொண்ணு டாக்டர். அறுபதுல பாதி. அப்போ பரவாது, அப்படித்தானே? எழுதிக் குடுத்துடுங்க.”

“எழுத மாட்டேன்” என்றார் டாக்டர்.

“ஏன்?”

“எண்பத்தேழு பொய்ன்னா முப்பத்தொண்ணும் ஒண்ணும் சொல்லாது. அறுபதுங்கற கோட்டையே அந்தத் தப்பான டியூபுங்களை வெச்சுத்தான் போட்டேன். இந்தப் புரோட்டீனுக்கும் உங்க அக்காவோட ஆயுசுக்கும் சம்பந்தம் இருக்கான்னே இப்போ எனக்குத் தெரியாது.” ஸ்வெட்டரின் நுனியை இழுத்து விட்டுக்கொண்டார். “இதை நாலு வருஷம் கழிச்சு ஒரு மீட்டர் இன்ஸ்பெக்டர் வந்து சொல்ல வேண்டியிருக்கு.”

தம்பி அக்காவைப் பார்த்தார். அக்கா நேராக டாக்டரைப் பார்த்தார்.

“பரவுமா பரவாதா, யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியாதும்மா. சர்ஜன் முதல்ல என்ன சொன்னார், அதுதான் இருக்கு. கட்டி சின்னது, வேற எங்கயும் போகல. அவர்கிட்ட இப்போவே பேசறேன்.”

சர்ஜனோடு பேசி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. பாதி நேரம் டாக்டர் “ஆமா, என் தப்புதான்” என்பதையே வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனை அக்காவிடம் கொடுத்தார். அந்தப் பக்கம் சர்ஜன் பேசுவது எல்லோருக்கும் கேட்டது. அந்த எண் இல்லையென்றால் கீமோவுக்கு வேலையே இல்லை. மாத்திரை போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும். நூற்றுக்கு நூறு என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் இப்படிப்பட்ட கட்டி உள்ளவர்களில் பெரும்பாலானோர் நன்றாகவே இருக்கிறார்கள். முடிவு உங்களுடையது.

“மூணு மாசத்துக்கு ஒரு தடவை பயந்து சாகணுமா?” என்றார் தம்பி.

“தினமும் சாகறதுக்கு இது தேவலை” என்றார் அக்கா.

சிஸ்டர் அவ்வளவு நேரமும் கதவோரமே நின்றிருந்தார். இப்போது கேட்டார்: “நாளையிலேர்ந்து நான் ஒன்பதுக்கே வரணுமா டாக்டர்?”

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் அவருடைய கைகள் துடைக்க ஒரு மேசையைத் தேடிக்கொண்டிருந்தன.

“நீங்க ஆறரைக்கே வாங்க. நானும் ஆறரைக்கு வந்து மெஷினைப் போடறேன்” என்றார் டாக்டர். “இன்னிக்கு மட்டும் கொஞ்ச நேரம் என்கூட உட்காருங்க. அறுபதுக்கு மேலன்னு இந்த வருஷம் பதினேழு பேர்கிட்ட சொல்லியிருக்கேன். யாரை நீங்க சீக்கிரம் எடுத்தீங்க, யாரை க்யூவுல நிக்க வெச்சீங்கன்னு உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். ஒவ்வொருத்தரையா கூப்பிடணும்.”

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கெமிஸ்ட்ரி கேட்காமலே ஒரு பேனாவை எடுத்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்ஸ்பெக்டர் ஃப்ரீசர் கதவை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். வேறு எதற்கும் தன்னால் உபயோகமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் கடிகார அக்காவின் கைப்பையில் ஃபோன் அடித்தது. அவர் எடுத்து, எண்ணைப் பார்த்துவிட்டு, மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

“அம்மா, கீமோ வார்டுலேர்ந்து பேசறோம்” என்றது ஒரு இளம்பெண்ணின் குரல். “நாளைக்குக் காலையில ஒன்பது மணி உங்களுக்கு. லேசா ஏதாவது சாப்பிட்டுட்டு வாங்க. கூட ஒருத்தர் வரணும்.”

“நாளைக்கு வரலம்மா.”

“வேற தேதி போடணுமா?”

“வேண்டாம். எனக்கு வெச்ச இடத்தை வேற யாருக்காவது குடுத்துடு. சர்ஜன் ஐயாவும் கூப்பிட்டுச் சொல்லுவார்.”

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “சரிம்மா. அவர் சொல்றது அப்புறம். இப்போ நான் காரணம்னு என்ன போட்டுக்கட்டும்?”

கடிகார அக்கா நிமிர்ந்து பார்த்தார். பட்டியலோடு உட்கார்ந்திருந்த டாக்டர், பக்கத்தில் சிஸ்டர், பேனாவோடு கெமிஸ்ட்ரி, காலைத் தரையிலிருந்து எடுத்துவிட்ட தம்பி, ஃப்ரீசர் கதவோரம் இன்ஸ்பெக்டர். இவர்கள் எல்லோரையும் ஒரு வரியில் எப்படிச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தார்.

“கடை திறக்கணும்னு போட்டுக்கோம்மா” என்றார்.